ஏரியின் அடியில் இறங்கும் மாணாக்கர்

நீர் நிர்வாகம் படிப்பதற்காக ஹாலந்து தேசத்துக்குப் போகிற மாணாக்கன், தன் முதற் பாடத்தைக் கலாசாலைக்குள் நுழைவதற்கு முன்பே பெற்று விடுகிறான். அவனுடைய ஆகாய விமானம் இறங்குகிற ஸ்கிபோல் நிலையம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப் பகுதி வரையில் அவ்விடத்தில் ஒரு பெரிய ஏரி இருந்தது. 1836-ஆம் வருஷத்துப் புயல்களின்போது அந்த ஏரி ஒரு பக்கம் ஆம்ஸ்டர்டாம் நகரத்தையும் மறு பக்கம் லைடன் நகரத்தையும் எட்டிப் பார்த்தது. இனிப் பொறுப்பதில்லை என்று தீர்மானித்த டச்சுக்காரர்கள், ஏரியைச் சுற்றிக் கால்வாய் வெட்டி, மூன்று நீராவி நிலையங்களை நிறுவி, 1849 முதல் 1852 வரையில் ஓயாமல் இறைத்து அதை வற்ற அடித்தார்கள். விமானத்திலிருந்து இறங்கித் தன் பெட்டி எங்கே என்று தேடிக் கொண்டிருக்கும் பிள்ளை, மீன்கள் திரிந்த இடத்தில் தான் நிற்பதை அறிவதில்லை. அறிந்தால் மறு கணமே ஒரு கேள்வி எழும்: "அன்று இறைத்தார்கள், சரி, இன்று இறைக்கிறவர் யார்?"

மழை பெய்கிறது, பூமிக்குள்ளிருந்து நீர் ஊறுகிறது. ஆகையால் அந்த இறைப்பு இன்று வரையில் நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. வற்றிய ஏரியின்மீது வீடும் வயலும் விமான நிலையமும் அமைத்துக் கொண்ட ஜனங்கள், பரம்பரை பரம்பரையாக அந்தக் கடமையையும் தலையில் ஏற்றிக் கொண்டு விட்டார்கள்.

அந்த தேசத்தின் முறையான பெயர் நெதர்லாந்து. தாழ்ந்த நிலங்கள் என்று அதற்கு அர்த்தம். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வியாபாரம் செய்த அந்த ஜனங்களை நம் முன்னோர் ஒல்லாந்தர் என்று அழைத்தார்கள். நிலப் பரப்பில் நாலில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அங்கே குழந்தைகளுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்கும்போது, சட்டை, பாதரட்சை முதலியவற்றோடு நீந்திக் காட்டினால்தான் முதல் பத்திரம் தருகிறார்கள். கால்வாயில் தவறி விழுகிறவன் உடையைக் கழற்றி வைத்து விட்டா விழுவான்? சர்க்கார் சட்டம் போட்டுக் கட்டாயப் படுத்தவில்லை. ஆனாலும் அந்தப் பத்திரத்தைப் பெறாத குழந்தையைப் பெற்றோர் எளிதில் கால்வாய்ப் பக்கம் தனியே விட மாட்டார்கள்.

நம்மிடம் படித்துப் போன பிள்ளைகளின் பெற்றோர் சிலர் சமீப காலமாக ஒரே விஷயத்தைக் குறித்து யோசனை கேட்கிறார்கள். மகனோ மகளோ இஞ்சினீயரிங் பட்டம் பெற்றாயிற்று. இனி வெளிநாட்டில் நகரங்களின் நீர் நிர்வாகத்தையும், நீடித்து நிற்கக் கூடிய அமைப்புக்களைத் திட்டமிடுவதையும் படிக்க வேண்டுமாம். ஐரோப்பியரல்லாத மாணாக்கருக்கு அங்கே சம்பளம் பன்மடங்கு அதிகம். பாங்கில் கடன் வாங்க வேண்டும். நிலத்தை ஈடு வைக்க வேண்டும். "இந்தத் தண்ணீர்ப் படிப்புக்கு இவ்வளவு செலவு செய்யலாமா?" என்கிறார்கள். வாத்தியார் தொழிலில் இருப்பவரிடம் படிப்புக்குச் செலவு செய்யலாமா என்று கேட்டால் கிடைக்கும் பதில் தெரிந்ததுதான். ஆனால் இந்த முறை, எதைப் படித்து வந்தால் அந்தச் செலவு தகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஹாலந்துக்குப் போகிறவர்கள் பார்த்துப் பிரமிப்பது ஒன்று. அங்கே கற்க வேண்டியது வேறொன்று.

பிரமிக்க வைப்பவை அநேகம். 1932-ல் முடிந்த 32 கிலோமீட்டர் நீளமுள்ள அணை, ஒரு கடலையே ஏரியாக்கி விட்டது. அணை போட்டால் வெளியே அலை எவ்வளவு உயரும் என்பதைக் கணக்கிட்ட குழுவுக்குத் தலைவராயிருந்தவர் நோபல் பரிசு பெற்ற பௌதிக மேதை லோரன்ட்ஸ். வயோதிக காலத்தில் எட்டு வருஷங்கள் அதற்காகச் செலவிட்டார். இவற்றையெல்லாம் புகைப்படம் பிடித்து அனுப்பினால் வீட்டில் பாட்டி முதல் பேத்தி வரையில் பார்த்து மகிழ்வார்கள். ஆனால் அதற்காக நிலத்தை ஈடு வைக்க வேண்டியதில்லை. புகைப்படங்களை இங்கிருந்தே பார்க்கலாம்.

கற்க வேண்டியது, அந்த ஜனங்கள் தாங்கள் கட்டியதைத் தாங்களே திருத்திக் கொண்ட விதம். அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஆயிரம் வருஷங்களுக்கு முன்பு அத்தேசத்தின் மேற்குப் பாகம், மக்கிய செடிகொடிகள் ஊறிப் பஞ்சுபோல் கிடந்த சதுப்பு நிலம். குடியானவர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துப் பயிரிட்டார்கள். நீர் வடிந்ததும் அந்த மண்ணுக்குள் காற்றுப் புகுந்தது, காற்றுப் பட்ட இடத்தில் மண் மக்கிச் சுருங்கியது, நிலம் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தில் மறுபடி நீர் தேங்கியது. இன்னும் ஆழமாக வெட்டினார்கள். நிலம் இன்னும் தாழ்ந்தது. வாய்க்கால் போதாமல் காற்றாடி யந்திரம், காற்றாடி போதாமல் நீராவி, பிறகு எண்ணெய், பிறகு மின்சாரம். நாட்காட்டிகளில் அச்சிடுகிறார்களே, கிண்டர்டைக் என்ற ஊரின் 19 காற்றாடிகள், அவை அழகுக்காக எழுந்தவையல்ல. நிலத்தை உலர்த்திய கைகளே அதைத் தாழ்த்தி விட்டன என்பதன் சாட்சிகள் அவை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கும் இதே கதி நேர்ந்தது. இறைத்து இறைத்து நிலம் தாழ்ந்த அந்த நகரத்தில், 2005-ல் காத்ரீனா புயலின்போது கரைகள் உடைந்து ஐந்தில் நாலு பங்கு மூழ்கியது. அதன் பின் 2008 முதல் அந்நகரத்துச் சிற்பிகளும் இஞ்சினீயர்களும் டச்சு நிபுணர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பேச்சின் பலனாக 2013-ல் வெளியான திட்டம், மழை நீரை உடனே வெளியே தள்ளாமல் நகரத்துக்குள்ளேயே நிறுத்தி வைத்து மண்ணுக்குப் பருகக் கொடுப்பது எப்படி என்பதைக் கூறுகிறது. அமெரிக்க மாணாக்கர்கள் கோடை விடுமுறைகளில் கூட்டங் கூட்டமாக ஹாலந்துக்குப் போவதன் ரகசியம் இதுதான். வெற்றியைப் பார்க்க மட்டும் அவர்கள் போகவில்லை. தங்களைப் போலவே இடறி விழுந்தவர்கள் எப்படி எழுந்தார்கள் என்று பார்க்கப் போகிறார்கள்.

இனிக் கரையைக் காப்பவர்களைக் கவனிப்போம். பழைய காலத்தில் ஒவ்வொரு குடியானவனுக்கும் கரையில் ஒரு பகுதி பங்கு உண்டு. அதை அவனே செப்பனிட வேண்டும். முடியாதென்றால் தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி விட்டு ஊரை விட்டுப் போய்விட வேண்டியதுதான். அந்த மண்வெட்டியை எவன் பிடுங்குகிறானோ அவனுக்கு நிலமும் சேரும், கரையின் பாரமும் சேரும். கொடுமையான சட்டமென்று தோன்றலாம். பக்கத்து வயல்காரனின் அலட்சியத்தால் ஊர் முழுவதும் மூழ்கும் இடத்தில் வேறு எவ்விதச் சட்டம் இருந்திருக்க முடியும் என்றும் தோன்றுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் இக்காரியத்துக்கென்றே நீர்ச் சபைகள் ஏற்பட்டன. 1950-ல் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தவை ஒன்றோடொன்று சேர்ந்து இப்போது 21 ஆகியிருக்கின்றன. நாலு வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் உண்டு. ஓட்டுப் போட வருகிறவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் என்பதையும் சொல்லி விட வேண்டும். சபைக்குச் சொந்தமாக வரி விதிக்கும் அதிகாரம் இருக்கிறது. பணம் கேட்டுத் தலைநகரத்துக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

அந்த வரிப் பணத்தில் ஒரு பகுதி எதற்குப் போகிறது தெரியுமா? எலி பிடிக்க. கரையைக் குடைந்து வளை தோண்டும் ஒரு வகை நீரெலியைப் பிடிப்பதற்கென்றே சபைகள் ஆட்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கின்றன. அவர்களுக்கு விருதில்லை, திறப்பு விழா இல்லை, பத்திரிகையில் படம் வருவதில்லை. 2003-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வில்னிஸ் என்ற ஊரில் ஒரு கரை உடைந்தது. வெள்ளத்தினாலா? இல்லை, வறட்சியினால். சதுப்பு மண்ணாலான அந்தக் கரை கோடையில் உலர்ந்து எடை குறைந்து, கால்வாய் நீரின் தள்ளுதலைத் தாங்காமல் நகர்ந்து விட்டது. அதற்குப் பின் வறட்சிக் காலத்திலும் அவ்வகைக் கரைகளைச் சுற்றிப் பார்த்து வெடிப்புக் கண்டால் குறித்துக் கொள்கிறார்கள். பெரிய மதகைத் திட்டமிடக் கற்பிக்கும் கலாசாலைகள் உலகத்தில் பல உள்ளன. கட்டி முடித்த கரையை ஐம்பது வருஷம் கழித்துச் சுற்றிப் பார்க்கிறவனும் இஞ்சினீயர்தான் என்று கற்பிக்கும் இடங்கள் சிலவே.

எல்லாக் கவனத்தையும் மீறி 1953-ஆம் வருஷம் ஜனவரி 31, சனிக்கிழமை இரவு, வடமேற்குப் புயலும் பௌர்ணமியை ஒட்டிய பெரு அலையும் ஒன்று சேர்ந்தன. கரைகள் போதுமான உயரமில்லை என்று யோஹான் வான் வேன் என்ற இஞ்சினீயர் பல வருஷங்களாக எச்சரித்து வந்திருந்தார். யுத்தமும் யுத்தத்துக்குப் பிந்திய பணமுடையும் குறுக்கே நின்றன. ரேடியோ நிலையம் நடுநிசியோடு ஒலிபரப்பை நிறுத்தி விடுகிற காலம். ஜனங்கள் தூங்கிக் கொண்டிருந்தார்கள். விடிவதற்குள் தென்மேற்குத் தீவுகள் கடலாகி விட்டன. 1,836 பேர் மாண்டார்கள்.

மூன்று வாரத்துக்குள் சர்க்கார் ஒரு குழுவை நியமித்தது. கரையை எவ்வளவு உயர்த்துவது என்ற கேள்வியை வான் டான்ட்ஸிக் என்ற கணித நிபுணரிடம் ஒப்படைத்தார்கள். இனி வெள்ளமே வராது என்று எந்தக் கரையும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆகவே எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம், அதைக் குறைக்க எவ்வளவு பணம் செலவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். அதன்படி தேசத்தின் நடுப் பாகத்துக்குப் பதினாயிரத்தில் ஒன்று என்ற அளவு ஏற்பட்டது. பதினாயிரம் வருஷம் நிம்மதியாகத் தூங்கலாமென்று இதற்குப் பொருளில்லை. எந்த ஒரு வருஷத்திலும் வெள்ளம் வருவதற்குப் பதினாயிரத்தில் ஒரு பங்கு சாத்தியம் உண்டு என்பதே பொருள். அந்த வருஷம் அடுத்த வருஷமாகவும் இருக்கலாம். வகுப்பில் சம்பவ விதிக் கணக்கை நாணயத்தைச் சுண்டிக் காட்டிக் கற்பிக்கிற நமக்கு, அதே கணக்கைக் கொண்டு ஒரு தேசம் தன் கரைகளின் உயரத்தை நிர்ணயித்தது என்பதைப் படித்தபோது உண்டான மகிழ்ச்சியை இங்கே மறைப்பானேன்?

கடலின் வாய்களை ஒவ்வொன்றாக அடைத்துக் கொண்டே வந்தார்கள். ஊஸ்டர்ஸ்கெல்டு என்ற பெரிய முகத்துவாரத்துக்கு வந்தபோதுதான் ஓர் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள், அந்த முகத்துவாரத்தில் சிப்பியும் மட்டியும் எடுத்துப் பிழைத்த செம்படவர்களும், பறவைகளையும் மீன்களையும் ஆராய்ந்து வந்த விஞ்ஞானிகளும். அணை போட்டு அடைத்தால் உப்பு நீர் போய் விடும், அலை ஏற்றம் இறக்கம் நின்று விடும், அதை நம்பிய ஜீவராசிகள் அழிந்து விடும் என்றார்கள். ஆயிரத்தெண்ணூறு பேர் மாண்ட இடத்தில் மட்டிக்காக வாதாடுவதா என்று கோபித்தவர்களும் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயமில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆயினும் வேலை நடுவில் நின்றது. 1976-ல் பார்லிமெண்டு வேறொரு முடிவுக்கு வந்தது. அணைக்குப் பதிலாக 62 இரும்புக் கதவுகள். சாதாரண நாட்களில் அவை திறந்திருக்கும், கடல் உள்ளே வந்து போகும். புயல் வந்தால் மட்டும் இறங்கி மூடும். செலவு அதிகம், காலமும் அதிகம். 1986-ல் திறப்பு விழா நடந்தது.

கதை அத்துடன் முடியவில்லை; முடிந்திருந்தால் மாணாக்கருக்கு அங்கே வேலை இராது. கதவுகளின் தூண்கள் நீரோட்டத்தின் வேகத்தைக் குறைத்து விட்டன. வேகம் குறைந்த நீர், வாய்க்கால்களிலிருந்து மணலைத் தூக்கித் திட்டுக்களின்மீது போட முடியவில்லை. புயலோ திட்டுக்களை அரித்துக் கொண்டே இருக்கிறது. நாரைகளும் உள்ளான்களும் இரை தேடும் மணல் திட்டுக்கள் கரைந்து வருகின்றன. இதற்கு டச்சு பாஷையில் மணற்பசி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலகம் புகழ்ந்த தங்கள் வேலையின் குறையைத் தாங்களே அளந்து, பெயரிட்டு, கலாசாலையில் பாடமாக வைத்து, வெளிநாட்டிலிருந்து வந்த பையனிடம் "இதற்கு நீ ஒரு வழி சொல்" என்று கேட்கிறார்கள். முன்பே அடைத்த மற்றொரு முகத்துவாரமான ஹாரிங்ஃப்ளீட்டின் மதகுகளை 2018 முதல் சற்றே திறந்து வைக்கிறார்கள், கடல் மீன் நதிக்குள் போகட்டும் என்று.

இவற்றிலெல்லாம் கடினமான பாடம் நதிக் கரையில் நடந்தது. 1993-லும் 1995-லும் நதிகள் பெருகின. 1995-ல் இரண்டரை லட்சம் ஜனங்களை அப்புறப் படுத்த நேர்ந்தது; கரைகள் எப்படியோ தாங்கின. நூற்றாண்டுகளாகச் செய்தது போல இன்னும் கொஞ்சம் உயர்த்தி விட்டால் என்ன? உயர்த்தலாம். ஆனால் உயரமான கரை உடைந்தால் அதிக உயரத்திலிருந்து நீர் பாயும். இவ்வளவு காலமாக நதியின் இடத்தை நாம் பிடுங்கிக் கொண்டோம், அதில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்து விடுவோம் என்ற யோசனை எழுந்தது. முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் இந்த வேலை நடந்தது.

திருப்பிக் கொடுப்பது என்று எழுதுவது சுலபம். நைமேகன் நகரத்தருகே வால் என்னும் நதி வளைந்து குறுகுகிறது. (பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்க வேண்டாம், ரைன் நதியின் பெரிய கிளை அது.) எதிர்க் கரையிலுள்ள லெண்ட் என்ற கிராமத்தில் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி அமைத்து, நடுவில் புதிதாக ஒரு கால் வெட்டுவதென்று முடிவாயிற்று. அதற்காகச் சுமார் ஐம்பது வீடுகள் போக வேண்டும். பலன்? வெள்ள காலத்தில் நதியின் மட்டம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் குறையும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைகூட இல்லை. அந்தச் சிறிய அளவுக்காக ஐம்பது குடும்பங்கள் தங்கள் அடுப்படியையும் தோட்டத்தையும் விட்டுப் போக வேண்டும். அதனால் பிழைக்கப் போகிறவர்களோ, அவர்கள் முகங்கூடப் பார்த்திராத ஆயிரக் கணக்கான நகரவாசிகள். வாதங்கள் நடந்தன, மனஸ்தாபங்கள் நேர்ந்தன. 2016-ல் வேலை முடிந்தது. இன்று அங்கே ஒரு தீவும் பூங்காவும் குளிக்கும் துறையும் இருக்கின்றன. போகிற மாணாக்கர் பூங்காவைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறார்கள். ஐம்பது வீடுகள் நின்ற இடம் எது என்று கேட்டு அங்கே கொஞ்ச நேரம் நிற்கிற மாணாக்கனே நல்ல இஞ்சினீயராவான் என்பது நமது அபிப்பிராயம்.

இதற்கு மாறாக மற்றோரிடத்தில் குடியானவர்களே முன்வந்து ஒரு யோசனை சொன்னார்கள். ஓவர்டீப் என்ற தாழ்வான பூமியை வெள்ளத்துக்கு விட்டுக் கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் விரும்புவதை அறிந்ததும், "கரையோரமாக மண்மேடுகள் அமைத்துத் தாருங்கள், வீட்டையும் மாட்டுத் தொழுவத்தையும் அவற்றின்மேல் வைத்துக் கொள்கிறோம். அபூர்வமாக வரும் பெரு வெள்ளத்துக்கு வயலை விட்டு விடுகிறோம்" என்றார்கள். எட்டுப் பண்ணைகள் அவ்வாறு மேடேறின. மற்றவர்கள் ஈடு பெற்றுக் கொண்டு வேறிடம் சென்றார்கள். 2021 ஜூலையில் மழை கொட்டியபோது ஜெர்மனியில் நூற்றெண்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெல்ஜியத்திலும் பலர் மாண்டார்கள். மியூஸ் நதி பாயும் நெதர்லாந்தின் தென் பாகத்தில் பொருள் நஷ்டம் ஏராளம். உயிர்ச் சேதம் இல்லை. இதற்கு நில அமைப்பும் ஒரு காரணம். மலைச் சரிவில் பாயும் வெள்ளமும் சமவெளியில் பரவும் வெள்ளமும் ஒன்றல்ல. ஆனாலும் நதிக்கு விட்ட இடம் தன் பங்கைச் செய்தது.

பட்டணத்துக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். ராட்டர்டாம் நகரத்தில் மழை நீரும் கழிவு நீரும் ஒரே குழாயில் ஓடும் தெருக்கள் உண்டு. பெரு மழையில் இரண்டும் கலந்து கால்வாயில் வழியும். குழாயைப் பெரிதாக்கத் தெருவைத் தோண்ட வேண்டும். தோண்டிப் புதைத்த பணம் யார் கண்ணுக்கும் தெரியாது. அந்தப் பணத்தை ஜனங்கள் அனுபவிக்கும்படி செலவிட்டால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். பெந்தெம் சதுக்கத்தில் மூன்று பள்ளமான அரங்கங்கள் அமைத்தார்கள். வெயில் நாளில் பிள்ளைகள் ஆழமான அரங்கத்தில் பந்து விளையாடுவார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள். மழை வந்தால் சுற்றுப்புறக் கூரைகளின் நீர் முதலில் இரண்டு சிறு பள்ளங்களில் சேரும். பெரு மழையானால் விளையாட்டு மைதானமே குளமாகும். மூன்றும் சேர்ந்து 17 லட்சம் லிட்டர் கொள்ளும். ஒன்றரை நாளுக்குள் நீர் வடிந்து, மறுபடி பந்தாட்டம். 2013-ல் இது திறக்கப் பட்டது. திட்டம் தீட்டியவர்கள், அருகிலுள்ள பள்ளிக்கூடங்களின் மாணாக்கர்களையும் ஆசிரியர்களையும் அழைத்து, உங்களுக்கு இங்கே என்ன வேண்டும் என்று முதலில் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கேட்டு மைதானம் அமைத்தார்கள் என்ற செய்தி நமக்கு நம்பத் தகாததுபோல் இருந்தது. ஆனால் நடந்த காரியந்தான்.

டெல்ஃப்ட் என்னும் சிறு நகரத்தில் 1957 முதல் அயல் தேசத்தாருக்கென்றே நீர்க் கல்வி நிலையம் ஒன்று நடந்து வருகிறது. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே சர்க்கார் உத்தியோகத்திலோ நகர சபையிலோ வேலை பார்த்து விட்டு வந்தவர்கள். இதுவரையில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் படித்துப் போயிருக்கிறார்கள். வங்காள தேசத்திலிருந்து வந்தவரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, உன் ஊரில் குழாய்த் தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும், என் ஊரில் சாக்கடை எங்கே போகும் என்று பேசிக் கொள்வதில் பாதிப் படிப்பு நடந்து விடுகிறது. அங்கே குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து கலப்பதில்லை. பூமிக்கடியில் ஓடும் குழாய்களில் ஒழுகி வீணாவது நூற்றுக்கு ஐந்து போல்தான். இந்த ஒரு விவரத்தைக் கேட்டு நகர சபை இஞ்சினீயர்கள் விடும் பெருமூச்சு எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாதது.

இவ்வளவும் சொன்ன பிறகு, கண்ணை மூடிக் கொண்டு பிரதி செய்வதன் ஆபத்தையும் காட்டியாக வேண்டும். ஹாலந்தில் மழை வருஷம் முழுவதும் தூறிக் கொண்டே இருக்கிறது. நம் சென்னைக்கோ, வருஷ மழையில் பெரும் பாகம் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் வந்து தீர்கிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. பெந்தெம் சதுக்கத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டு வந்து தாம்பரத்தில் வைத்தால் என்னவாகும்? ஆறாம் வகுப்புக் கணக்கு இது. 17 லட்சம் லிட்டர் என்பது 1,700 கன மீட்டர். 49 சென்டிமீட்டர் மழையில் அது நிரம்ப, சுமார் 3,470 சதுர மீட்டர் நிலத்தில் விழும் நீரே போதும். அதாவது ஓர் ஏக்கர்கூட இல்லை. உலகப் புகழ் பெற்ற சதுக்கம் ஒரு ஏக்கர் மழைக்குக் காணாது! சதுக்கத்தின்மீது குற்றமில்லை; அது வேறொரு வானத்துக்காகக் கட்டப் பட்டது.

அந்த வானத்தின் கீழ் இருப்பவர்களுக்கும் இது தெரிந்தே இருக்கிறது. 2018-ல் டச்சு சர்க்கார் ஆதரவில் ஆசியாவின் மூன்று நகரங்களுக்கு நீர்த் திட்டங்கள் வகுக்க ஏற்பாடாயிற்று. வங்காள தேசத்தின் குல்னா, இந்தோனேசியாவின் செமராங், மூன்றாவது நம் சென்னை. சென்னைக்கு வந்த குழுக்களில் ஒன்று, தன் திட்டத்துக்கு ஆயிரம் குளங்களின் நகரம் என்று பெயரிட்டது. புதிய மதகு எதையும் அவர்கள் முதலில் வரைந்து காட்டவில்லை. ஏரிக்கு ஏரி கலங்கல் வழியாக நீர் இறங்கிச் சென்ற பழைய சங்கிலியையும், கோவில் குளங்களையும், மணற்பாங்கான நிலத்தடியையும் ஆராய்ந்தார்கள். வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே நோயின் இரண்டு முகங்களாகப் பார்த்தார்கள். நாலே வருஷ இடைவெளியில் 2015-ல் மூழ்கி 2019-ல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நகரத்துக்கு அது பொருத்தமான பார்வைதான். ஒரு பள்ளிக்கூட வளாகத்தில், கழிவு நீரைச் செடிகளும் கூழாங்கற்களும் நிரம்பிய படுகையில் சுத்தம் செய்து பூமிக்குள் அனுப்பும் சிறு மாதிரி ஒன்றும் அமைத்திருக்கிறார்கள்.

ஆகவே, யோசனை கேட்ட பெற்றோர்களுக்கு நாம் சொல்வது: பிள்ளை போகட்டும், கடன் தாங்குமானால் வாங்குங்கள். ஆனால் கலாசாலைக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடச் சொல்லுங்கள். அங்கே போன முதல் வாரத்திலேயே, "உங்கள் ஊர் ஏரி எப்படி நிரம்புகிறது?" என்று யாராவது கேட்கப் போகிறார்கள். வீட்டுக்கு அருகிலுள்ள ஏரிக்கோ, ஏரி இருந்த இடத்துக்கோ நடந்து போகட்டும். நீர் எங்கிருந்து வருகிறது, கலங்கல் எந்தப் பக்கம், அதற்கப்பால் யாருடைய வீடு, மதகின் சாவி யாரிடம், கரையைக் கடைசியாகச் செப்பனிட்டது எந்த வருஷம், இவற்றையெல்லாம் அங்கே மாடு மேய்க்கும் பெரியவரைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து குறித்துக் கொள்ளட்டும். பிரயாணப் பெட்டி கட்டும்போது, ஊறுகாய் ஜாடி வைத்த பிறகும் அதற்கு இடமிருக்கும்.